அரை நூல் சிரிப்பு

மார்ச் 4

கோபக்காரிக்கு,

நீ போய் இறங்கிவிட்டாய் என்று உன் தங்கைதான் போனில் சொன்னாள். "அக்கா நல்லா இருக்கா அத்தான், ஆனா உங்ககிட்ட பேச மாட்டாளாம்" என்றாள். பேசாவிட்டால் போ. சின்ன உளிகளை எங்கே வைத்தாய் என்று மட்டும் சொல். ஜன்னல் பக்கத்து அலமாரி, உன் முக்காலிக்கு அடியில், பழைய பெயின்ட் டப்பா என்று பட்டறை முழுக்கத் துழாவிவிட்டேன். ஒன்றுகூட இல்லை.

நடந்ததைப் பற்றி என் பக்கத்தையும் எழுதிவிடுகிறேன். நம் வீட்டு ஏற்பாடு எனக்குத் தெரியாதா? சிலையில் கழுத்துக்குக் கீழே எல்லாம் என் வேலை, கழுத்துக்கு மேலே எல்லாம் உன் வேலை. கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கோட்டைத் தாண்டியிருக்கிறேனா? மறைந்த டாக்டரம்மாவுக்கு நாம் செய்கிற சிலையிலும் அப்படித்தான் நடந்தது. உடம்பை நான் முடித்தேன், முகத்தை நீ முடித்தாய். ஆனால் அவர் மகன் வந்து நின்றுகொண்டு, "ஆஸ்பத்திரி வாசல்ல வைக்கப்போற சிலைங்க. நோயாளிங்க பாத்து பயந்துடக் கூடாது. அம்மா கொஞ்சம் சிரிச்ச மாதிரி இருந்தா நல்லா இருக்கும்" என்று கேட்டால் நான் என்ன செய்ய? ஆசைப்பட்டுக் கேட்கிறார். மறுநாள் காலையில் உதட்டு ஓரத்தில் அரை நூல் எடுத்தேன். நீ அப்போது குளித்துக்கொண்டிருந்தாய். ஒரு அங்குலத்துக்கு எட்டு நூல், அதில் ஒரு நூலில் பாதி! அதற்குப் போய் யாராவது பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார்களா?

சாப்பாட்டை நான் பார்த்துக்கொள்கிறேன். உளி எங்கே?

மார்ச் 8

உளி தேடும் உத்தமருக்கு,

சின்ன உளிகள் என்னிடம்தான் இருக்கின்றன. துணிக்கு நடுவே சுற்றி எடுத்து வந்துவிட்டேன். என் உளி, நான் எடுத்து வந்தேன். தேடுவதை விட்டுவிட்டு அந்தப் பட்டறையைக் கூட்டுங்கள்.

போனில் பேச மாட்டேன். பேசினால் நீங்கள் ஏதாவது கோணங்கித்தனமாகச் சொல்வீர்கள், நான் சிரித்துத் தொலைப்பேன், அதோடு விஷயம் அமுங்கிப்போகும். எத்தனை தடவை பார்த்தாயிற்று! எழுதுங்கள். எழுதும்போதாவது கொஞ்சம் யோசிப்பீர்கள்.

அரை நூலாம், அரை நூல். களிமண்ணில் போனால் திரும்ப அப்பலாம். கருங்கல்லில் போனது போனதுதான் என்று உங்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்? அந்த வாய்க்காக நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். ஆஸ்பத்திரி பெஞ்சில் நோயாளி மாதிரி போய் உட்கார்ந்திருந்தேன். அங்கே வேலை பார்க்கிற நர்ஸ்களிடம் கேட்டேன். ஒருத்தர்கூட டாக்டரம்மா சிரித்ததாகச் சொல்லவில்லை. "சிரிக்கவே மாட்டாங்க. ஆனா அவங்க வார்டுக்குள்ள வந்துட்டா நமக்கு ஒண்ணும் ஆகாதுன்னு தோணும்" என்றார் ஒருவர். அந்த வாயைத்தான் நான் செதுக்கினேன். மூடிய வாய், ஆனால் முன்னால் நின்றால் தைரியம் வரும். நீங்கள் அதற்கு ஸ்டூடியோ சிரிப்பு வைத்துவிட்டீர்கள்.

நான் குளித்துக்கொண்டிருந்தேன் என்று வெட்கமில்லாமல் எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. தண்ணீர் விழும்போதெல்லாம் டொக் டொக் என்று தட்டினீர்கள். நான் குழாயை மூடினால் தட்டுவதும் நின்றது. திருடன்கூட இவ்வளவு கச்சிதமாகச் செய்ய மாட்டான். வெளியே வந்து உதட்டு ஓரத்தில் கட்டைவிரலை வைத்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. நீங்களோ திருட்டு முழி முழித்துக்கொண்டு, "தூசி தட்டினேன்" என்றீர்கள். வெட்டியதைக்கூட மன்னித்திருப்பேன். அந்தத் தூசியை மன்னிக்க மாட்டேன்.

மார்ச் 13

அன்புள்ள உளிக்குச் சொந்தக்காரிக்கு,

தூசி என்று சொன்னது தப்புதான். அந்த நேரத்தில் வாயில் வந்தது அதுதான்.

பட்டறையைக் கூட்டிவிட்டேன். சமையல் பரவாயில்லை. பக்கத்து வீட்டுக்காரர் என் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனார், நல்ல மனுஷன்.

ஒரு சின்ன சந்தேகம். தொழில் ரீதியாகக் கேட்கிறேன், வேறு எதுவும் நினைக்காதே. ஒரு சிலையின் வாயில் ஒரு ஓரம் மட்டும் சற்று மேலே போய்விட்டது என்று வைத்துக்கொள். அதைச் சரிசெய்ய, இன்னொரு ஓரத்தையும் அதே அளவுக்கு எடுத்துவிட்டால் சமமாகிவிடும் அல்லவா? அப்படி எடுக்கும்போது அந்தப் பக்கம் ஒரு மயிரிழை கூடிவிட்டது என்றால், முதல் பக்கத்தில் மறுபடியும் கொஞ்சம் எடுக்கலாமா? பொதுவாகத்தான் கேட்கிறேன்.

பெரிய உளியில் உதட்டு வேலை செய்வது எவ்வளவு கஷ்டம் என்று இப்போதுதான் தெரிகிறது.

மார்ச் 17

எத்தனை தடவை எடுத்தீர்கள்?

போட்டோ எடுத்து அனுப்புங்கள். நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. அதுவரை அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் போகாதீர்கள். சுத்தியலைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்துவிடுங்கள்.

மார்ச் 20

போட்டோ உள்ளே இருக்கிறது. உட்கார்ந்துகொண்டு பார்.

இடது, வலது, மறுபடி இடது, மறுபடி வலது என்று போய்விட்டது. ஒவ்வொரு தடவையும் இதோடு சமமாகிவிடும் என்றுதான் நினைத்தேன். உன் மேல் ஆணை. முடி வெட்டும்போது இந்தப் பக்கம் கூடிவிட்டது, அந்தப் பக்கம் கூடிவிட்டது என்று கடைசியில் மொட்டையில் வந்து நிற்பார்களே, அந்தக் கதைதான். டாக்டரம்மா இப்போது பற்பசை விளம்பரத்துக்கு நிற்கிறமாதிரி நிற்கிறார். ஈரச் சாக்கை முகத்தில் போட்டு மூடி வைத்திருக்கிறேன். காலையில் பட்டறைக்குள் போனதும் அந்தச் சாக்கைப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

மகன் அடுத்த மாதம் பார்க்க வருகிறார். அதை நான் எப்படிக் காட்டுவேன்? இன்னொரு கல் வெட்டி எடுத்து முதலிலிருந்து ஆரம்பிக்க நாளும் இல்லை, தெம்பும் இல்லை. இது கெட்டால் ஊரில் இனி நம்மை நம்பி யாரும் ஒரு கல்லைக் கொடுக்க மாட்டார்கள். என் பெயர் மட்டுமா போகும், உன் பெயரும்தான் போகும்.

வாயேன். வந்து முகத்தைச் சரிசெய்துவிட்டு வேண்டுமானால் திரும்பவும் கோபித்துக்கொண்டு போ. நானே பஸ் ஏற்றி விடுகிறேன்.

மார்ச் 24

நீங்கள் ஒரு மனுஷனா!

போட்டோவைப் பார்த்ததும் தங்கை சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டில் கதவைத் திறந்து பார்த்தார்கள். நானும் சிரித்தேன். அப்புறம் உள்ளே போய் அழுதேன். என் முகம் அது. நான் உட்கார்ந்து உட்கார்ந்து கண்டுபிடித்த முகம்.

வர மாட்டேன். குழாய் ஒழுகினால் ஆளைக் கூப்பிடுகிறமாதிரி, "வந்து சரிசெய்துவிட்டுப் போ" என்று எழுதினால் நான் ஓடி வர வேண்டுமா? நீங்களே கெடுத்தது, நீங்களே சரிசெய்யுங்கள். எப்படி என்று சொல்கிறேன்.

வாயை மட்டும் தொட்டுப் பிரயோஜனமில்லை. முகம் முழுக்க இரண்டு நூல் பின்னால் போக வேண்டும். அப்போதுதான் நீங்கள் தோண்டிய பள்ளமெல்லாம் மேலே வந்து காணாமல் போகும், புதிதாக ஒரு வாய் வெட்டக் கல் கிடைக்கும். மூக்கு நுனியில் ஆரம்பியுங்கள், அதுதான் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கிறது. பிறகு நெற்றி, பிறகு தாடை, பிறகு கன்னம். கண்ணுக்கும் வாய்க்கும் கடைசியில் வாருங்கள். ஒரே இடத்தில் நின்று தட்டிக்கொண்டே இருக்காதீர்கள், சுற்றிச் சுற்றி வாருங்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பொட்டுதான்.

நான் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் தோட்டத்துக்குச் சிலை கேட்டார்கள். ஒரு பெண் குழந்தை நின்றுகொண்டு செருப்பு வாரை மாட்டுகிறாள், ஒரு காலைத் தூக்கி. முழு உருவம். தலையிலிருந்து கால் வரை நானே செய்கிறேன். "தோள் மட்டுமாவது நான் போடறேனே" என்று நான் கேட்டபோதெல்லாம் "உனக்குக் கை வலிக்கும்" என்று சுத்தியலை வாங்கிக்கொண்டீர்களே, எனக்குக் கை வலிக்கவில்லை. சொல்லப்போனால் நன்றாகத் தூக்கம் வருகிறது.

முழங்காலுக்குப் பின்னால் பள்ளம் எவ்வளவு ஆழம் விடுவீர்கள்? பொதுவாகத்தான் கேட்கிறேன்.

மார்ச் 28

அடடே, பொதுவாகவா கேட்கிறாய்!

அந்த வரியைப் பக்கத்து வீட்டுக்காரருக்குக்கூடப் படித்துக்காட்டினேன். முழங்காலுக்குப் பின்னால் பள்ளமா? எவ்வளவு சாதாரணமாகக் கேட்டுவிட்டாய்! இத்தனை வருஷமாக நான் செதுக்கிய முழங்கால்களை ஒரு தடவையாவது திரும்பிப் பார்த்திருக்கிறாயா? நீயும் பார்க்கவில்லை, வேறு யாரும் பார்க்கவில்லை. சிலையைத் திறந்துவைத்ததும் எல்லாரும் முன்னால் போய் நின்று, "ஆகா, என்ன முகம், உயிரோட்டமா இருக்கே" என்கிறார்கள். நான் பின்பக்கம் நின்றுகொண்டிருப்பேன். முதுகை ஒருத்தனாவது வந்து பார்ப்பான் என்று. ஒரு தடவை ஒருவர் வந்தார். எனக்கு நெஞ்சே நின்றுவிட்டது. அவர் செருப்பைத் தேடிக்கொண்டு வந்திருக்கிறார்.

மகன் கேட்டதால் வெட்டினேன் என்று எழுதினேன் அல்லவா? அது பாதி நிஜம். அவர் கேட்டதை உன்னிடம் சொல்லியிருக்கலாம், நீ மாட்டேன் என்றிருப்பாய், அவரும் போயிருப்பார். எனக்குத்தான் ஆசையாக இருந்தது. ஒரே ஒரு முகத்தில், யாருக்கும் தெரியாமல், என் கை பட்ட இடம் ஒன்று இருக்கட்டும் என்று. எல்லாரும் பார்க்கிற இடத்தில். எழுதும்போதே அசிங்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அதுதான் விஷயம்.

சரி, முழங்கால். பள்ளத்தின் ஆழத்தைக் கேட்காதே, எந்தக் காலில் பாரம் நிற்கிறது என்று முதலில் கேள். பாரம் தாங்குகிற காலில் பின்பக்கம் இறுகி இருக்கும், பள்ளம் ஏறக்குறைய இருக்காது. தூக்கிய காலில்தான் மடிப்பு ஆழமாக விழும். பாரம் தாங்குகிற பக்கத்து இடுப்பு மேலே ஏறும், அதே பக்கத்துத் தோள் கீழே இறங்கும். இதைச் செய்யாமல் விட்டால் குழந்தை நிற்காது, நட்டுவைத்த கம்பம் மாதிரி இருக்கும். அடுப்படியில் நீ நிற்கிற லட்சணத்தைக் கண்ணாடியில் பார், எல்லாம் தெரியும். வலது காலில் சாய்ந்து, இடது குதிகாலை லேசாகத் தூக்கிக்கொண்டு. நான் செய்த எல்லாப் பெண்களும் அப்படித்தான் நிற்கிறார்கள்.

முகத்தை என்னால் செய்ய முடியாது. நீ எழுதியபடி மூக்கு நுனியில் உளியை வைத்தேன். கை நடுங்கியது. மலையில் பாறையைப் பிளந்த கை இது, ஒரு மூக்குக்கு நடுங்குகிறது. வைத்த உளியை எடுத்துவிட்டேன்.

ஏப்ரல் 2

முதுகு செய்பவருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். ஒரு தடவை கோபம் வந்தது, ஒரு தடவை வேறு என்னவோ வந்தது.

ஆசை இருந்தால் வாயைத் திறந்து கேட்க என்ன கேடு? "எனக்கும் ஒரு முகம் குடு" என்று கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டேனா? யோசித்துப் பார்த்தால் கொடுத்திருக்க மாட்டேன்தான். ஆனாலும் கேட்டிருக்கலாம். நான் தோளைக் கேட்டேனே. கேட்டுக் கேட்டு வாங்கிக்கட்டிக்கொண்டேனே. இரண்டு பேரும் ஒரே கல்லுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றுகொண்டு, அடுத்தவருடையதைப் பார்த்து ஏங்கிக்கொண்டிருந்திருக்கிறோம். நல்ல குடித்தனம்.

கண்ணாடியில் பார்த்தேன். நீங்கள் சொன்னமாதிரியேதான் நிற்கிறேன். கண்ணாடி முன்னால் குதிகாலைத் தூக்கிக்கொண்டு நின்றதைத் தங்கையின் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போனார். ஆனால் இடுப்பு சரியாக வந்துவிட்டது! நேற்று கணுக்காலில் ஒரு சில்லு தெறித்துப் போய்விட்டது. தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பிறகு உங்களை நினைத்து, "இந்த மனுஷன் இதைத்தானே தினமும் செய்கிறார்" என்று எழுந்து, செருப்பு வாரைச் சற்று கீழே இறக்கி சில்லு போன பள்ளத்தை வாருக்கு அடியில் கொண்டுபோய்விட்டேன்.

சின்ன உளிகளைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். பெரிய உளியை வைத்துக்கொண்டு மூக்கு நுனிக்குப் போனால் கை நடுங்காமல் என்ன செய்யும்?

இதையும் கேளுங்கள். டாக்டரம்மா போட்டோவைப் பார்த்துச் செய்யாதீர்கள். ஒரு தடவை நன்றாகப் பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்துவிடுங்கள். இரண்டு கண்ணையும் ஒரே மாதிரி வெட்டாதீர்கள், ஒருத்தருக்கும் அப்படி இல்லை. நீங்கள்தான் எல்லாவற்றையும் சமமாக்கப் பார்ப்பீர்கள், அதுதான் உங்களைக் கெடுத்தது. அப்புறம், வாயை வெட்டும்போது உங்கள் வாயை மூடி வைத்துக்கொள்ளுங்கள். நான் எந்த வாயைச் செதுக்கினாலும் என் வாயும் அப்படித்தான் இருக்கும். நீங்கள் இவ்வளவு நாள் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தீர்கள்.

நடுங்கினால் நடுங்கட்டும். எனக்கு ஒவ்வொரு முகத்துக்கும் நடுங்கும். நீங்கள் அந்தப் பக்கம் இருந்ததால் தெரியவில்லை.

ஏப்ரல் 11

என் வாத்தியாரம்மாவுக்கு,

காதைப் பற்றி நீ ஒரு வார்த்தை எழுதவில்லை!

மூக்கு போயிற்று, நெற்றி போயிற்று, தாடை, கன்னம், எல்லாம் நீ சொன்னபடி சுற்றிச் சுற்றி வந்தேன். இரண்டு நூலும் பின்னால் போய்விட்டது. வாயைக் கடைசியில் வெட்டினேன், என் வாயை மூடிக்கொண்டு. பக்கத்து வீட்டுக்காரர் வந்து ஏதோ கேட்டார், பதில் சொல்லாமல் இருந்ததற்கு இன்னும் கோபமாக இருக்கிறார். முடித்துவிட்டுத் தள்ளி நின்று பக்கவாட்டில் பார்த்தால், முகம் பின்னால் போய்விட்டது, காது போகவில்லை. பழைய இடத்திலேயே துருத்திக்கொண்டு நிற்கிறது. யாரோ தன்னைப் பற்றிப் பேசுவதை டாக்டரம்மா ஒட்டுக்கேட்கிறமாதிரி இருந்தது. தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். உன்னைத் திட்டினேன், நன்றாகவே திட்டினேன்.

அப்புறம் அந்தக் காதையே தலைமுடி ஆக்கிவிட்டேன். காதின் மேடு முழுக்க முடிக்கற்றையாக இழுத்துவிட்டு, கொண்டைக்குள் கொண்டுபோய்ச் சொருகிவிட்டேன். இரண்டு பக்கமும் இப்போது காது இல்லை, முடி மூடியிருக்கிறது. யாரும் கண்டுபிடிக்க முடியாது. போட்டோ வைத்திருக்கிறேன்.

மகன் வந்தார். சாக்கை எடுத்தேன். அவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நேராக நின்றார், பார்த்துக்கொள், அந்த வயதில்! பிறகு, "சின்ன வயசுல மார்க் ஷீட்ட நீட்டினா அம்மா இப்படித்தான் பாப்பாங்க. சிரிக்கச் சொல்லி நான் கேட்டிருக்கவே கூடாதுங்க" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பின்பக்கம் போகவில்லை, எப்போதும்போல. ஆனால் இந்தத் தடவை எனக்கு அது உறைக்கவில்லை.

அவர் போனபிறகு நல்ல சந்தோஷமாகத்தான் இருந்தேன். சாப்பிட உட்கார்ந்தபோதுதான் என்னவோ செய்தது. உன் குழந்தை சிலையும் முடிந்துவிட்டதாம், தங்கை சொன்னாள். "அத்தான், காலப் பாத்தா நீங்க செஞ்சதுன்னுதான் சொல்வாங்க" என்றாள். எனக்குப் பெருமையாக இல்லை, பயமாக இருந்தது. இனி உனக்கு முழங்காலுக்கு ஆள் வேண்டாம். எனக்கும் ஒரு முகம் வந்துவிட்டது, சுமாராக. முன்பெல்லாம் நீ எவ்வளவு கோபித்துக்கொண்டு போனாலும் எனக்கு ஒரு தைரியம் இருந்தது. உடம்பு இங்கே கிடக்கிறது, முகம் வைக்க அவள் வந்துதானே ஆக வேண்டும் என்று. இப்போது அந்தப் பிடி போய்விட்டது. நீ அங்கேயே ஒரு பட்டறை போட்டு உட்கார்ந்தாலும் உன்னை யாரும் ஒன்றும் சொல்ல முடியாது, நான் உட்பட.

சிலையை முடித்துவிட்டேன், அதற்காக நீ வரத் தேவையில்லை என்று சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத வேறெங்கோ போய்விட்டது. இனி என்ன? நேராகவே கேட்கிறேன்.

ஏப்ரல் 15

உங்களுக்கு,

போட்டோவைப் பார்த்தேன். இடது கண் ஒரு பொட்டு இறங்கிவிட்டது. மேல் உதட்டில் நீங்கள் பயந்து நிறுத்திய இடம் அப்படியே தெரிகிறது. கன்னம் கனமாக இருக்கிறது, டாக்டரம்மாவுக்குப் பல் வலி என்று நினைப்பார்கள். ஆனால் அந்தக் கண் பார்க்கிறது. பார்க்க வைப்பதுதான் கஷ்டம், மற்றதெல்லாம் பழகப் பழக வரும். காதைப் பற்றி எழுத மறந்தது என் தப்பு. நான் எப்போதும் காதில்தான் ஆரம்பிப்பேன், அதனால் அது எனக்கு ஒரு விஷயமாகவே தோன்றவில்லை. ஆனால் அதை முடியாக்கியது எனக்கு வந்திருக்காது. சொல்லிவிட்டேன், இதை வைத்துக்கொண்டு வருஷம் பூராவும் பேசாதீர்கள்.

பள்ளிக்கூடத்தில் என் குழந்தையை வைத்துவிட்டார்கள். வந்தவர்கள் எல்லாரும் முகத்தைத்தான் பார்த்தார்கள். எனக்கு எவ்வளவு எரிச்சல் வந்தது தெரியுமா? பின்பக்கம் போய் நின்றுகொண்டேன். ஒருத்தரும் வரவில்லை. உங்களை அங்கே நிற்கவிட்டுவிட்டு, முன்னால் நின்று பாராட்டு வாங்கிக்கொண்டிருந்ததை நினைத்துக்கொண்டேன். சே என்றிருந்தது.

இங்கே இன்னொரு சிலையும் கேட்டிருக்கிறார்கள். தங்கை வீட்டுக் கொல்லையில் கல்லை இறக்கிக்கொள்ளலாம் என்கிறாள். எல்லா வசதியும் இருக்கிறது.

நீங்கள் பிடி என்று எழுதியிருக்கிறீர்களே, அது எனக்கும்தான் இருந்தது. உங்களை விட்டுப் போய்விட வேண்டும் என்று தோன்றியபோதெல்லாம், முகமில்லாமல் ஒரு உடம்பு பட்டறையில் நின்றுகொண்டிருக்கும். அதை யார் முடிப்பது என்று பெட்டியைத் திரும்ப உள்ளே வைப்பேன். கல்லுக்காகத்தான் இருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன், உங்களுக்காக என்று ஒரு நாளும் ஒப்புக்கொண்டதில்லை. இப்போது அங்கே எந்த உடம்பும் நிற்கவில்லை. உங்கள் சிலையும் முடிந்தது, என் சிலையும் முடிந்தது. எழுத ஆரம்பிப்பதற்கு முன்னால் வெகுநேரம் உட்கார்ந்து யோசித்தேன். வேலை ஒன்றும் இல்லாதபோது அந்த மனுஷனிடம் எதற்காகத் திரும்பிப் போக வேண்டும் என்று. ஒரு காரணம்கூடக் கிடைக்கவில்லை.

காரணமில்லாமலே வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். வீட்டைக் கூட்டி வையுங்கள். காலில் கல்தூள் ஒட்டினால் அப்படியே திரும்பிவிடுவேன்.